மயக்க ஊசிக்கும் கொசுறு

பாசமுள்ள ராஜபாண்டி மாமாவுக்கு, கம்பத்து ஆஸ்பத்திரி மாடியில் கடைசிக் கட்டிலில் கிடக்கும் விஷால் கும்பிட்டு எழுதுவது. கூடலூரில் நீங்களும் உங்கள் ஜீப்பும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமா என்பது நாளைக் காலை தெரியும். போனை அப்பா பிடுங்கிவிட்டதால் இதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் வால் ஊருக்கே தெரிந்தது. உள்ளேயும் ஒரு வால் வீங்கிவிட்டதாம், குடல்வால். நாளை வெட்டுகிறார்கள். வெட்டைவிட, மரத்துப்போகும் ஊசி எனக்கு மிஞ்சுமா என்பதுதான் பயம். வார்டுக்கு வார்டு மருந்தைப் பதுக்குகிறார்கள் என்று இங்கே புதுத் திட்டம் போட்டு, ஆளுக்குத் தேவையானதை மட்டும் பொட்டலமாகக் கட்டித் தள்ளுவண்டியில் அனுப்புகிறார்கள், திட்டம் நல்லதுதான், ஆனால் கட்டுகிறவர் சண்முகராஜ் அண்ணாச்சி, போடி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், அளந்து போட்ட கை தானாகவே கொசுறும் போடுகிறது, ஒரு ஊசி எழுதினால் இரண்டு போகிறது, வண்டி கீழே பிரசவ வார்டில் கிளம்பி என்னிடம் வரும்போது சக்கரம் மட்டும்தான் மிச்சம். நேற்று எனக்குத் தெர்மாமீட்டரின் உறை கிடைத்தது.

ஊசி தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று ஜாய்ஸ் சிஸ்டரிடம் கேட்டேன். “நாலு பேரு கையக் கால அமுக்கிக்கிருவாக தம்பி,” என்றார் சிரிக்காமல்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஸ்டோருக்கு இறங்கிப் போய், கொசுறு வேண்டாம் அண்ணாச்சி என்று கெஞ்சினேன். மனுஷன் முகம் வாடிவிட்டது.

“கறாரா அளந்து குடுத்தா மறுக்கா எவம்லே நம்மகிட்ட வருவான்?”

வண்டியை மாடியிலிருந்தாவது கிளப்புங்கள் என்றேன். யோசிக்கிறாராம். அவர் யோசித்து முடிப்பதற்குள் என்னை அறுத்துவிடுவார்கள் மாமா. விடியுமுன் பின்வாசலுக்கு ஜீப்பைக் கொண்டுவாருங்கள், ஹாரன் வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
நாளை வரை முழு வாலோடு இருக்கும்
விஷால்

பி.கு.: என்னைக் கூட்டிப்போக வர வேண்டாம். அண்ணாச்சி வண்டியை மாடியிலிருந்தே கிளப்பிவிட்டார். என் பொட்டலத்தில் இரண்டு ஊசி. இப்போது காலி வண்டி பிரசவ வார்டுக்குப் போகிறது. சற்றுமுன் அங்கேதான் உங்கள் மகள் வேல்விழி அக்காவைச் சேர்த்திருக்கிறார்கள், ஆபரேஷனாக இருக்கலாமாம். ஜீப்பை விரட்டுவீர்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லையாம். கூடுதல் ஊசியைக் கீழே அனுப்பச் சொல்லி சிஸ்டரிடம் கொடுத்தேன். நம்ம வார்டுக்கு இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வாங்க மாமா. விரட்டியே வாங்க.