வெனிங்கின் செருப்பும் நான் வைத்த விருந்தும்

கிளாத்தென்,
ஞாயிற்றுக்கிழமை, ஆடுகளுக்குத் தீனி வைத்த பிறகு.

லாம்புங்கில் வாழும் என் அருமைத் தங்கை துமிராவுக்கு,

அக்கா ருகிலா எழுதுவது. உன்மீதும், உன் வீட்டில் உள்ள பெரியவர் சிறியவர்மீதும், உன் மிளகுக் கொடிகள்மீதும் இறைவனின் சாந்தி இறங்கட்டும். இங்கே நானும் மகனும் மருமகளும் இரண்டு ஆடுகளும் அவன் தயவில் நலம். என் முட்டி மட்டும் மழை வரும் முன்பே மழை என்று சொல்கிறது, அதை நலக்குறைவு என்று சொல்ல முடியாது, உபகாரம்.

முதலில் பிள்ளைகள் செய்தி. போன கடிதத்தில் உன் பேரன் மீன் வளர்ப்பில் பரிசு வாங்கியதை முன்னும் பின்னும் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாய், சந்தோஷம், மீன் நல்ல விஷயம்தான். எங்கள் பக்கம் மூத்த பேரன் பிரகோசோ ரயில் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், அவன் கை காட்டாமல் சுரபாயா வண்டி ஓர் அடி நகராது. அவன் தங்கை லெஸ்த்தாரி மருத்துவச்சிப் பரீட்சையில் தேறி முதல் பிரசவம் பார்த்தாள், இரட்டைப் பிள்ளைகள், ஒன்றுக்கு அவள் பெயரையே வைத்தார்கள், மற்றது ஆண் என்பதால் வைக்க முடியவில்லை, அதற்கு அவள் என்ன செய்வாள். கடைக்குட்டி ஜாலு சுதந்திர தினத்தன்று கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே தின்னும் போட்டியில் முதல் பரிசு, அந்த வாய் பாட்டியிடமிருந்து வந்தது என்று தெருவே பேசுகிறது. நான் பெருமைப்படவில்லை, பேசுவதை எழுதுகிறேன்.

இவ்வளவும் சில்லறைச் செய்தி. பெரிய செய்தி நடுப் பேத்தி வெனிங்குடையது. அவள் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள் அல்லவா, அங்கே வைத்தியம் படித்தவர்களும் இயந்திரம் படித்தவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போடுவார்களாம், அந்தச் சண்டையிலிருந்து அவள் ஒரு செருப்பைக் கண்டுபிடித்திருக்கிறாள். உனக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே, நன்றாகக் கேள். போன வருஷம் உன் உள்ளங்காலில் முள் ஏறி, பகலெல்லாம் நீ தோட்டத்தில் நடந்து, வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து "யார் காலுடி இது" என்று மருமகளைத் திட்டினாயே, அப்படிப்பட்ட கால்களுக்கான செருப்பு இது. அடியில் நம் ஊர் ரப்பர். அதற்குள் சின்னச் சின்னக் காற்றுப் பைகள். ஓர் இடத்தில் பாரம் விடாமல் அழுந்தினால் அந்தப் பையிலிருக்கும் காற்று நூல்போன்ற குழாய் வழியே மேலே ஏறி, முழங்காலுக்குக் கீழே கட்டிய பட்டையை மெல்ல இறுக்கும். சும்மா நடந்தால் இறுக்காது, ஏனென்றால் குழாயின் வாயில் ஒரு மெல்லிய ரப்பர் நாக்கு இருக்கிறது, அவசரமாக வரும் காற்றைப் பார்த்தால் மூடிக்கொள்ளும், நிதானமாக வரும் காற்றை உள்ளே விடும். மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம். பாதத்துக்குத் தெரியாததை முழங்கால் தெரிந்துகொள்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்குகிறது என்றால் அவள் எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பாள் பார். பட்டை சரியாக நிற்கிறதா என்று என் காலில்தான் போட்டுப் பார்த்தாள்.

நாளை திங்கட்கிழமை இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போடுகிறார்கள். காப்புரிமை என்றால், இது புதிது, இதைக் கண்டுபிடித்தவர் இன்னார், வேறு எவரும் கேட்காமல் செய்து விற்கக்கூடாது என்று அரசாங்கம் எழுதிக் கொடுப்பது. இப்படி ஒரு காரியம் நல்லபடி முடிய வேண்டி ஒரு செலாமத்தான் விருந்து வைக்காமல் இருக்க முடியுமா, நீயே சொல். மாடு வாங்கினால் வைக்கிறோம், வயிற்றுப் பிள்ளைக்கு ஏழு மாதம் ஆனால் வைக்கிறோம், பிரகோசோவின் மோட்டார் சைக்கிளுக்கு வைத்தோம், அது இன்றுவரை ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை. வெனிங்கிடம் சொன்னால் செலவு வேண்டாம் என்பாள், ஆகவே சொல்லவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க பாட்டி" என்று அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது உண்மைதான். இறைவனிடம் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் மோடின் சொலிக்கின் ஐயா நல்ல மனிதர், எந்த விருந்தானாலும் அது எதற்காக என்று எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொல்லி வேண்டுதல் செய்பவர் அவர்தான். அவரை முதல்நாளே கூப்பிட்டு, தேநீரில் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்து, செருப்பின் அடியிலிருந்து முழங்கால் பட்டை வரை ஒன்று விடாமல் சொன்னேன். பொதுப்படையாக வேண்டினால் வேண்டுதல் வழி தவறி வேறு யார் வீட்டுக்காவது போய்ச் சேரும். வியாழக்கிழமை மாலை தெரு ஆண்கள் எல்லோரும் பாயில் சம்மணமிட்டு உட்கார, நடுவில் மஞ்சள் சோற்றுக் கோபுரம், அதன் பக்கத்தில் தேங்காய்ப்பாலில் வெந்த முழுக் கோழி. நான் அடுக்களையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், ஆகவே மோடின் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் நிறுத்திய இடமெல்லாம் ஆண்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஆமாம்", "ஆமாம்" என்றது மட்டும் நன்றாகக் கேட்டது. என் நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை ஆமாம் போன பிறகு எந்த அரசாங்கம் இல்லை என்று சொல்லும்?

வெள்ளிக்கிழமை வெனிங் வந்தாள். பசியோடு வந்த பிள்ளைக்கு மிச்சம் வைத்திருந்த கோழிக்காலைக் கொடுத்தேன்.

"என்ன பாட்டி விசேஷம்?"

"உன் செருப்புக்குத்தான் கண்ணு, விருந்து வெச்சேன். விவரமா சொல்லி வேண்டிக்கிட்டோம்."

கோழிக்கால் தட்டுக்குத் திரும்பிப் போனது. துமிரா, இந்த வீட்டில் ஒரு பிள்ளை கடித்த கோழிக்காலைத் திரும்ப வைத்து நான் பார்த்ததே இல்லை.

"யாருக்குச் சொன்னீங்க?"

"யாருக்கும் சொல்லலையே. மேல இருக்கறவருக்குத்தான்."

"யார் மூலமா?"

"மோடின் ஐயா மூலமா."

"எங்க வெச்சு?"

"நம்ம முன் அறையில."

"அப்ப அங்க யாரெல்லாம் இருந்தாங்க?"

"தெருவே இருந்துச்சு கண்ணு. ஒரு தொண்டைக்கறிகூட மிஞ்சல."

பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, அழுதிருந்தால் நான் திட்டியிருப்பேன், சும்மா உட்கார்ந்திருந்தாள், அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. பிறகு போனை எடுத்து யாரிடமோ மெல்லப் பேசினாள். மறுநாள் காலையிலேயே பல்கலைக்கழகத்தில் காப்புரிமை வேலையைக் கவனிக்கிற ஆங்கோரோ என்ற தம்பி எங்கள் வாசலில் வந்து நிற்கிறது. மெலிந்த பிள்ளை. சாப்பிடு என்றால் வேலை முடியட்டும் என்கிறது.

"பாட்டி, விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே அது எப்படி வேலை செய்யுதுன்னு வெளியில தெரிஞ்சுட்டா, அது புதுசு இல்லேன்னு ஆயிடும். உலகத்துக்குத் தெரிஞ்சதுக்குக் காப்புரிமை கிடைக்காது."

"எங்க தெரு உலகமா தம்பி?"

"சட்டப்படி உலகம்தான் பாட்டி."

அந்தக் கவலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷம் வாய்க்கால் அடைப்பைக்கூட யாரும் வந்து பார்க்காத தெரு.

விருந்துக்கு வந்தவர்களை வாருங்கள் என்று கூப்பிட்டேன், நான் கூப்பிட்டால் சாப்பாடு என்று நினைத்து எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆங்கோரோ ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டான்: அன்றைக்கு என்ன கேட்டீர்கள்? நான் கடலைத் தட்டை ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெனிங் என் கையைப் பிடித்திருந்தாள்.

முதலில் ஆட்டு வியாபாரி வாக்கிதி. "வயசானவங்க வழி தவறாம வீட்டுக்கு வந்து சேர்ற செருப்புங்க. நல்ல சாமான். எங்க மாமனாருக்கு ஒண்ணு வேணும்."

"அப்படியா சொன்னாரு மோடின்? நீங்க ஆமாம் ஆமாம்னு சொன்னீங்களாமே?"

"அவரு மூச்சு வாங்குவாரு, நாங்க ஆமாம்னு சொல்லுவோம். அதுதானே மரியாதை."

எனக்குப் பொறுக்குமா? என் கோழியைத் தின்றுவிட்டு மாமனாருக்கு வழி காட்டுகிறானாம். "வழி இல்லைய்யா, காத்து! காத்து எப்படிப் போகும்னா..." என்று நான் எழுந்திருக்கிறேன், வெனிங் ஒரு முழுத் தட்டையை என் வாயில் திணித்துவிட்டாள். அடுத்தது டியூபுக்கு ஒட்டுப் போடும் கியோனோ. அவன் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தினான்.

"எனக்கு எல்லாமே புரிஞ்சுது சார். காத்து, குழாய், ரப்பர்... நம்ம தொழிலாச்சே."

ஆங்கோரோவின் முகம் சோற்றுக் கஞ்சி நிறத்துக்குப் போனது. வெனிங் கண்ணை மூடிக்கொண்டாள். என் வாய் நிறையத் தட்டை, நான் எதையும் சொல்ல முடியாத நிலை, என் பிள்ளை இத்தனை காலம் கண் விழித்துச் செய்த வேலை ஒரு பஞ்சர் கடைக்காரன் நாக்கின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"சொல்லுங்கண்ணே," என்றான் ஆங்கோரோ.

"செருப்புக்குள்ள காத்து இருக்கு. நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். முழுசா இறங்கினதும் எங்கிட்ட வந்து அடிச்சுக்கணும். அம்சமான கண்டுபிடிப்பு சார். ரெண்டு காலுக்கும் சேத்து அடிச்சா கொஞ்சம் கொறைச்சுக்கலாம்."

ஆங்கோரோ அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். எனக்கு இரண்டாம் தட்டை வந்து சேர்ந்தது, நான் வாயே திறக்கவில்லை, முகத்தைப் பார்த்தே திணித்தாள்.

மிச்சம் மோடின் ஐயா. அவரிடம்தான் நான் முழுவதும் சொல்லியிருந்தேன், ஆகவே எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அன்னிக்கு எனக்கு அது மூணாவது விருந்து தம்பி," என்றார். "காலு, காத்து, குழாய், ரப்பர்னு நாலு வார்த்தை ஞாபகம் இருந்துச்சு, சொன்னேன். எது எங்கேருந்து எங்க போகுதுங்கறது மறந்துபோச்சு. நடுவுல நேர்வழி, மழை, நெல்லு எல்லாத்தையும் வழக்கம்போலச் சேத்துக்கிட்டேன்."

"ஆனா பாட்டி உங்ககிட்ட முதல்நாள் விவரமா சொன்னாங்களே?"

"சொன்னாங்க, சொன்னாங்க. தேநீர் ரொம்ப நல்லா இருந்துச்சு."

தட்டையை விழுங்கிவிட்டேன். "நான் எதுக்கு ஐயா உங்களுக்கு அவ்வளவு விவரமா சொன்னேன்? மேல போய்ச் சேரணும்னுதானே?"

"அக்கா, மேல இருக்கறவருக்குத் தெரியாத செருப்பா? நாலு வார்த்தை குடுத்தா மிச்சத்தை அவரே சேத்துக்குவாரு."

ஆங்கோரோ எழுந்து, இதெல்லாம் எதையும் வெளியிட்டதாக ஆகாது, புதுமை புதுமையாகவே இருக்கிறது, திங்கட்கிழமை விண்ணப்பம் போகிறது என்று அறிவித்தான். வெனிங் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். "பாட்டி, யாருமே கேக்கல! ஒருத்தர்கூடக் கேக்கல!" என்று என் காதிலேயே கத்துகிறாள், தெருவே கைதட்டுகிறது, கியோனோ ஏன் கைதட்டுகிறோம் என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுக்கொண்டே கைதட்டுகிறான். நான் சிரித்தேனா அழுதேனா எனக்கே தெரியாது. என் சமையல் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் எல்லோர் வயிற்றுக்கும் போனது, என் பேச்சு ஒருவர் காதுக்கும் போகவில்லை, அதுதான் என் பேத்தியைக் காப்பாற்றியது என்றால் இதற்கு நான் யாரைத் திட்டுவது. அந்தத் தம்பி கடைசியில் உட்கார்ந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான், வீட்டுக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

ஆகவே துமிரா, உன் அக்கா இனி மாறிவிட்டாள். இந்தச் செருப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை, ஓர் எழுத்துகூட எழுதுவதில்லை என்று வெனிங்கின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன், ஆகவே கேட்காதே.

உன் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம். மிளகு விலை ஏறட்டும், உன் சர்க்கரை இறங்கட்டும். இறைவன் உன் கால்களைத் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

அன்புள்ள அக்கா,
ருகிலா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் வெனிங் வாங்கிப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் "ஐயோ" என்றாள். "பாட்டி, இந்த ஜாவாவுலயே இதை முழுசா, ஒரு தப்பில்லாம எழுதி வெச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான்!" என்று சொல்லிக் கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இன்று செவ்வாய். விண்ணப்பம் போயாயிற்று, எண்ணும் வந்துவிட்டது, கடிதத்துக்கும் விடுதலை. ஆகவே மேலே செய்த சத்தியம் ரத்து. இன்று காலையிலிருந்தே தெருவில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறேன், இப்போதும் ஒருவரும் கேட்பதில்லை. நீயாவது கேள். இந்தப் பொட்டலத்தில் உனக்கு ஒரு ஜோடி இருக்கிறது, வெனிங்கே அவள் கையால் செய்தது, உன் கால் அளவு அவளிடம் நான் சொன்னேன், என் செருப்பைத்தானே நீ எப்போதும் கேட்காமல் மாட்டிக்கொண்டு போவாய். தோட்டத்துக்கும் போட்டுக்கொள், பட்டை இறுக்கினால் உடனே உட்கார்ந்து காலைப் பார், சோம்பல் படாதே. போட்டுக்கொண்டு வாசலில் நிமிர்ந்து நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, போன தடவைபோல் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளியாதே, முகம் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, இரண்டு காலும் தெரிய வேண்டும்.