கழுதை நக்கிய தீர்மானங்கள்

அது அறுபத்திரண்டாம் ஆண்டா, அறுபத்துமூன்றா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிராமச்சபை அங்கத்தவர்கள் ஐந்து பேரா ஏழு பேரா என்பதும் மங்கல். எல்லாரும் ஒரே மாதிரித் தலையாட்டியதால் எண்ணிக்கை மனதில் பதியவில்லை.

மன்னார்த் தீவின் முள்ளிக்கரையில் அந்த நாட்களில் சபைக் கூட்டம் என்றால் திருவிழா. பக்கத்து ஊரான தாழ்வுபாட்டிலிருந்தும் சைக்கிளில் சனம் வந்து குவியும். எல்லாம் செபம் சொல்லிப் பிழைத்த வலன்ரைனின் கழுதையைப் பார்க்கத்தான். அதன் முதுகில் சிலுவைக் கோடு இருந்தது. ஆண்டவரைச் சுமந்த கழுதையின் வம்சம் என்றான் வலன்ரைன். மன்னாரில் திரியும் கழுதைகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கோடு உண்டு. தெருக் கழுதையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தக் கடைக்கு அனுமதி என்று யோசிக்கும் தொல்லையைச் சபை விட்டுவிட்டது. இரண்டு மனுக்களைத் தரையில் விரிப்பார்கள். கழுதை எதை நக்கியதோ அதுவே தீர்மானம். மனுக்களை முதல்நாளே வாங்கி வலன்ரைன் செபித்து வைப்பான். கோழியோடு வந்த மனு ஒருபோதும் தோற்றதில்லை. சனம் அதையும் அற்புதத்தில் சேர்த்துக்கொண்டது.

பிரான்சிஸ்கா கருவாடு போட்டுப் பிழைத்தவள். அவள் இருந்த ஒடுக்கமான ஒழுங்கையில் நல்ல தண்ணீர்க் கிணறு இல்லை. பெண்கள் ஒரு மைல் நடந்து குடம் சுமந்தார்கள். சபை வருடத்துக்கு ஒரு கிணறு வெட்டும். போன வருடக் கிணற்றைக் கழுதை இன்னொரு தெருவுக்குக் கொடுத்தது. இந்த வருடம் சேர்மன் அமிர்தநாயகத்தின் மைத்துனரும் மனுப் போட்டிருந்தார்.

கூட்டத்துக்கு முந்திய நாள், உப்புச் சுற்றி வந்த கடதாசியைப் பிரான்சிஸ்கா முற்றத்தில் எறிந்தாள். வலன்ரைனின் கழுதை வேலிக்குள் தலையை விட்டு, கடதாசி ஓட்டையாகும்வரை நக்கியது. அவள் ஒரு வெறுங்கடதாசியைப் போட்டாள். கழுதை மணந்துவிட்டுப் போய்விட்டது. அவளுக்கு வலன்ரைனின் செபம் விளங்கியது. சிரிப்பு வரவில்லை, ஒரு வருடம் சுமந்த குடங்கள்தான் நினைவுக்கு வந்தன.

மறுநாள் கூட்டத்தில் அவள் வேறொரு மனுவை நீட்டினாள்.

"முந்தினதில பிழை, சேர்மன். இதை வைக்கட்டோ?"

"அது செபிக்காத கடதாசி," என்றான் வலன்ரைன்.

"வைக்கட்டும் விடு. கழுதை பிழை விடாது," என்றார் சேர்மன் பெருந்தன்மையாக.

கழுதை மைத்துனரின் மனுவை ஒருதரம் நக்கியது. பிறகு அவளுடையதில் நாக்கை வைத்தது, எடுக்கவேயில்லை. சனம் முழந்தாளிட்டது.

"வாசியுங்கோ சேர்மன்," என்றாள் பிரான்சிஸ்கா.

அவர் உரத்து வாசித்தார்: "சேர்மன் அமிர்தநாயகம் இன்றே பதவி விலக..."

நடுவில் குரல் நின்றது.

"இது செல்லாது பிள்ளை."

"ஏன்? கழுதை பிழை விடாதெண்டு இப்பதானே சொன்னனீங்கள்?"

"இவள் கடதாசியில என்னவோ பூசியிருக்கிறாள்," என்றான் வலன்ரைன்.

"ஓம், உப்புத்தண்ணி. நீங்கள் மற்றதில என்ன பூசினனீங்கள்?"

அவள் மைத்துனரின் மனுவை எடுத்துச் சனத்திடம் கொடுத்தாள். முன்வரிசையில் நின்ற லோறன்ஸ் அதன் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புத்தான்," என்றார்.

கடதாசி கைக்குக் கை போனது. அன்றுதான் முள்ளிக்கரைச் சனம் ஒரு மனுவைத் தானே சோதித்துப் பார்த்தது. வேறு வழியில்லாமல் கிணறு யாருக்கு என்று அங்கத்தவர்கள் கை உயர்த்தித் தீர்மானித்தார்கள்.

கிணறு பிரான்சிஸ்காவின் ஒழுங்கையில் வெட்டப்பட்டது. தண்ணீர் நன்றாக இருந்தது. அவள் கடைசிவரை கருவாடு போட்டாள். வலன்ரைன் பெரியமடுப் பக்கம் போய், ஒரு சேவலை வைத்து மழைக்குக் குறி சொன்னான். அங்கேயும் கூட்டம் கூடியது. கழுதை கிழடாகிச் செத்தது. அமிர்தநாயகம் பதவி விலகவில்லை. அடுத்த தேர்தலிலும் வென்றார். அதற்குக் கழுதை தேவைப்படவில்லை. வாக்குச்சீட்டில் புள்ளடியை மனிதர்கள்தான் போட்டார்கள். நீங்கள் போடுவதற்கு முன்னாவது கொஞ்சம் யோசியுங்கள்.