துளிர்விட்ட குற்றம்

எங்கள் பூங்காவின் மேம்பாட்டை முன்னிட்டு, பூங்காத்துறை இயக்குநர் தம் மனைவி, மச்சான் சகிதம் வெளிநாடு சென்று, அங்குள்ள அரிய தாவரங்களைப் பத்து நாள் பார்வையிட்டுத் திரும்பினார். நல்ல குளிர்காலம். மச்சான் எதற்கு என்று கேட்காதீர்கள், போட்டோ எடுக்க ஆள் வேண்டாமா?

வந்ததும் நாற்பது பக்க அறிக்கை கொடுத்தார். உலகப் புகழ்பெற்ற அத்தோட்டத்தில் எந்த மரத்திலும் ஓர் இலைகூடக் கிடையாது, கிளைகளின் அழகு தடையின்றித் தெரிகிறது, இதுவே முன்னேறிய நாடுகளின் முறை என்று அதில் கண்டிருந்தது. அடுத்த வாரமே, பூங்கா மரங்கள் அனைத்துக்கும் இலை நீக்கம் செய்ய உத்தரவு வந்துவிட்டது.

எங்கள் தோட்டக்காரர் பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். இந்த வருடம்தான் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மனிதர் தயங்கித் தயங்கி இயக்குநர் அறைக்குப் போனார்.

"ஐயா, அங்கே குளிருக்கு இலை கொட்டியிருக்கும். வெயில் வந்தா தானா துளிர்த்துடும்."

"நீ அந்த நாட்டுக்குப் போயிருக்கியா?"

"இல்லைங்க."

"நான் போயிருக்கேன்."

வாதம் முடிந்தது. தோட்டக்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் இலை பறித்தார். நடைப்பயிற்சிக்குப் போகும் எங்களுக்கு மண்டை காய்ந்தது. திட்டித் தீர்த்தோம். அப்புறம் வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துப் போட ஆரம்பித்ததும், எங்களோடு நடக்கும் டாக்டர் தன் வீட்டு மரத்தை மொட்டையடித்தார். நானும் என் கொய்யாவை விட்டுவைக்கவில்லை. ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா?

ஆனால் மரத்துக்கு உத்தரவு படிக்கத் தெரியவில்லை. மூன்றாம் வரிசை ஏழாம் மரத்தில் முன் அனுமதியின்றி நான்கு துளிர்கள் காணப்பட்டதாகவும், உடன் விளக்கம் தரவேண்டும் என்றும் தோட்டக்காரருக்கு மெமோ போயிற்று. 'மரம் உயிரோடு இருப்பதால்' என்று அவர் எழுதிக் கொடுத்தார். இது மேலதிகாரியை அவமதிக்கும் பதில் என்று வேலையிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். நடைப்பயிற்சிச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். சங்கம் மனு கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே தலைவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

ஒரு சங்கம் வருடத்துக்கு ஒரு மனுதான் கொடுக்கலாம், ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்கலாம் என்றார் குமாஸ்தா. அப்படியே பேச்சோடு பேச்சாக, இந்தக் குளிர்காலமும் பயணம் உண்டு, பொதுமக்கள் பிரதிநிதிகளுக்கு இரண்டு இடம் காலியாக இருக்கிறது, அதைக் கேட்டு மனு கொடுப்பவர்களுக்கு முன்னுரிமை என்றும் சொன்னார்.

நானும் தலைவரும் வெகுநேரம் யோசித்தோம். மனசாட்சி உறுத்தத்தான் செய்தது. பேனாவைத் தலைவர்தான் முதலில் திறந்தார்.

வாசலில் தோட்டக்காரர் காத்திருந்தார்.

"மனு கொடுத்தாச்சா சார்?"

"கொடுத்தாச்சுப்பா. கேட்டது கிடைச்சிருச்சு."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"நான் எப்ப வேலைக்கு வரட்டும் சார்?"

"நாங்க போயிட்டு வந்துடறோம், பார்க்கலாம்."