எங்கன வருது?

"பிரச்சினையைச் சொல்லுங்கம்மா. எதுன்னாலும் கூச்சப்படாமச் சொல்லுங்க" என்று காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டான் கோமதிநாதன்.

பார்வதியம்மாள் அடுப்படியை எட்டிப் பார்த்தாள். குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது. வீடு தேடி வந்தவனை எழுந்து போ என்று சொல்லச் சங்கரன்கோவிலில் யாருக்குத்தான் வாய் வரும்?

"ஒரு பிரச்சினையும் இல்லப்பா. நீ நல்லா இருக்கணும்" என்றாள்.

கோமதிநாதன் பெங்களூரு வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தவன். வந்த கையோடு 'எங்கன வருது?' என்று ஓர் ஆப் செய்தான். தண்ணி வண்டி, கீரை வண்டி, பூக்காரர் என்று யார் எந்தத் தெருவில் வருகிறார்கள் என்பதை மேப்பில் காட்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு சின்னக் குறை தெரிந்தது. அப்படி ஒன்று வேண்டும் என்று ஊரில் யாருமே கேட்டிருக்கவில்லை.

தண்ணி வண்டி நல்லக்கண்ணு முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். "நான் வந்தா ஹாரன் அடிப்பேன்லா? அதுக்கு மேல என்ன வே வேணும்?"

மற்ற வண்டிக்காரர்களும் சேரவில்லை. வெறும் மேப்பை எப்படிக் காட்டுவது? தன் பைக்கையே ஒரு சிவப்புப் புள்ளியாக ஓடவிட்டான்.

மனைவி மீனலோசினி உள்ளூர்ப் பள்ளியில் டீச்சர். "மொதல்ல ஜனங்களுக்கு என்ன பிரச்சினைன்னு கேட்டுட்டுல்லா செஞ்சிருக்கணும்?" என்றாள்.

"இப்பக் கேட்டாப் போச்சு!"

"ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் பாப்போம். நாலு பேராவது இத நெசமாப் பயன்படுத்தணும். இல்லன்னா பெங்களூருக்கே கிளம்பிருங்க."

கிளம்பினால் மகள் அபிதாவை மறுபடியும் போனில்தான் பார்க்க வேண்டும்.

வீடு வீடாக ஏறினான். எல்லோரும் காப்பி கொடுத்தார்கள். "ஆப் ரொம்ப நல்லாருக்கு" என்று அவன் கண் முன்னாலேயே போனில் இறக்கிக்கொண்டார்கள். அவன் படியிறங்கியதும் அதை யாரும் திறக்கவே இல்லை. ஒரு தடவை கேட்டது போதவில்லை என்று முடிவு செய்து, அதே வீடுகளுக்குச் சாயங்காலமும் போனான். கேள்விகளையும் கூட்டிக்கொண்டான்.

ஒரு வாரத்தில் அதிசயம் நடந்தது. ஊரே ஆப்பைத் திறந்து பார்க்க ஆரம்பித்தது.

"மீனா, பிரச்சினையப் புடிச்சிட்டேன்!"

"என்ன பிரச்சினை?"

"அது இன்னும் தெரியல. ஆனா புடிச்சிட்டேன்!"

அந்தச் சந்தோஷத்தில் ஆப்பை மெருகேற்றுகிறேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்தான். அன்றைக்கு ஒருவரும் திறக்கவில்லை. பதறிப்போய் பைக்கை எடுத்தான். தெருமுனை திரும்புவதற்குள் ஆப்பைத் திறந்தவர்களின் எண்ணிக்கை எகிறியது.

"என் மூஞ்சியப் பாத்தாத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வருது" என்று மீனலோசினியிடம் மார்தட்டினான். அதன் பிறகு காலை, மதியம், மாலை என்று சுற்றினான். சுற்றச் சுற்ற ஆப்பில் கூட்டம் கூடியது. போகிற தெருவில் எல்லாம் கதவுகள் மட்டும் சாத்தியே கிடந்தன. வெயில் அப்படி, என்று சொல்லிக்கொண்டான்.

தபசுக்கு முந்தின நாள் மீனலோசினி பைக்கில் ஏறிக்கொண்டாள். "நம்பரெல்லாம் வேண்டாம். பயன்படுத்துத ஒரு ஆளக் கண்ணுல காட்டுங்க."

"ஊரையே காட்டுதேன், வா!"

கிளம்பிய அவசரத்தில் போனைச் சார்ஜ் போட மறந்திருந்தான். பாதி வழியில் அது அணைந்துபோனது. ஆப்பில் சிவப்புப் புள்ளி பஸ் ஸ்டாண்டு பக்கமே நின்றுவிட்டது.

அடுத்த தெருவில் எல்லாக் கதவுகளும் விரியத் திறந்திருந்தன. தையல்காரி இசக்கிசெல்வி வாசலில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். மடியில் போன். போனில் 'எங்கன வருது?'

கோமதிநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தியா மீனா!"

பைக்கைக் கண்டதும் இசக்கிசெல்வி திடுக்கிட்டு எழுந்தாள். போனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"இத நெசமாவே பாக்கியா இசக்கி?" என்றாள் மீனலோசினி.

"தெனமும் பாக்கேன் மதினி. இது இல்லாம எங்க தெருவுல ஒரு வேல நடக்காது."

கோமதிநாதனுக்குக் கண் கலங்கியது. இனிப் பெங்களூரு இல்லை. "அப்படி என்ன உபயோகம்னு வெவரமாச் சொல்லும்மா. உங்க மதினி கேக்கட்டும்."

இசக்கிசெல்வி அவனை விட்டுவிட்டு மீனலோசினியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணாச்சி எந்தத் தெருவுல வாராங்கன்னு இதுல பாத்துட்டுத்தான மதினி, நாங்கல்லாம் கதவச் சாத்துதோம்!"