ஜேசிபியைத் திருப்பி அனுப்பிய காரணம்

சேரப்பணஞ்சேரி,
வியாழக்கிழமை

மதிப்பும் பாசமும் மிக்க மச்சான் ராஜாமணி அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் சுப்பிரமணி வணங்கி எழுதுவது. இங்கு நானும் செங்கமலமும் நலம். மறைமலை நகரில் தாங்களும் தங்கள் ஜேசிபி வண்டியும் நலமா என்று அறிய ஆவல். நேற்றிலிருந்து தாங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

வீட்டை இடித்து, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட மூன்று மாடி கட்டப்போவதாகச் சொல்லி, புதன்கிழமைக்கு வண்டி கேட்டவன் நானே. மறுக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் தண்டலம் பக்கத்துக் காலேஜிலிருந்து பழைய கட்டடங்களைப் பற்றிப் பாடம் நடத்தும் ரஞ்சனி என்கிற மேடம் எட்டு மாணவப் பிள்ளைகளோடு வந்து இறங்கி, "சார், இது செங்கல் சூளை வேலைக்காரங்களுக்காக நூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டின வீடு, தெரியுமா?" என்றார். எங்க முப்பாட்டன் சூளையில கல் அறுத்தவர்னு தெரியும், அதுக்கு மேல எனக்கு இன்னா தெரியும்? அதுக்குள்ள புள்ளைங்க டேப்பை எடுத்துக்கினு உள்ள பூந்துட்டாங்க. நம்ம வூட்ல ஒரு ரூம்ல குடியிருக்கிற திருநெல்வேலிப் பையன் இசக்கி நைட் ஷிப்ட் முடிச்சுப் படுத்திருந்தான். அவனையும் சேர்த்து அளந்துட்டாங்க. "அண்ணாச்சி, வீட்டத்தான இடிக்கப் போறீய? என்னைய எதுக்கு அளக்காவ?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்தான்.

அப்புறம் அந்தம்மா பின்பக்கச் செவுத்துல காரை உதிர்ந்த இடத்தைத் துடைச்சுக் காட்டினாங்க. ஒரு செங்கல்லுல மூணு விரல் இழுத்த தடம். ஈரக் கல்லுல அறுத்தவங்க போட்ட அடையாளமாம். "பங்களா கட்டினவங்க பேரு கல்வெட்டுல இருக்கும் சார். கல் அறுத்தவங்களுக்கு இது ஒண்ணுதான் இருக்கு"ன்னாங்க. நான் விரல் வெச்சுப் பார்த்தேன், கொள்ளலை. செங்கமலம் வெச்சா. அளவெடுத்தாப்புல உட்கார்ந்துது. "பொம்பளை கை"ன்னு மட்டும் சொன்னா மச்சான். அன்னைக்கு முழுக்க அந்தச் செவுத்தையே சுத்திச் சுத்தி வந்தா.

மறுநாள் உங்க டிரைவர் மாரி வண்டியோட வந்துட்டாரு. இடிக்கலாமா வேணாமான்னு நாங்க இன்னும் முடிவு பண்ணலை. "இன்னா பெரீவரே, எனக்கு மத்தியானம் ஒரகடத்துல வேற வேலை கீது, ஒரு வார்த்தை சொல்லு"ன்னாரு. கொஞ்சம் இருப்பான்னு கை காட்டினேன். பின்னாடி வான்னு சொல்றேன்னு நெனச்சு அவரு வண்டியைப் பின்னாடி எடுக்க, மண் அள்ற வாளி போய் நாலு வருஷத்துக்கு முன்னாடி கட்டின டைல்ஸ் போட்ட பாத்ரூம்ல லேசா பட்டுது. பாத்ரூமே மொத்தமா சாஞ்சு அந்தப் பின்பக்கச் செவுத்து மேல உழுந்துது. சோப்பு எடுக்க ரூமுக்குப் போயிருந்த இசக்கி துண்டோட வந்து பார்த்துட்டு, "நல்லவேளை, சோப்பு தீந்து போச்சு"ன்னான். பழைய செவுத்துல ஒரு கீறல் இல்லை மச்சான். தூசியை ஊதிட்டு அப்படியே நிக்குது. செங்கமலம் மாரிக்கு மோர் குடுத்து, "போய்ட்டு வாங்க தம்பி"ன்னு அனுப்பிட்டா.

ஆகவே, இந்த வீட்டின் ஒரு செங்கல்லையும் என் உயிர் உள்ளவரை யாரும் தொட விடமாட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கோபம் வேண்டாம். அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

தங்கள் அன்பு மாறாத,
சுப்பிரமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ரஞ்சனி மேடம் போன் பண்ணாங்க. அளந்ததை வரைஞ்சு பார்த்தாங்களாம். சூளைக்காரங்க வூடுங்கிறது அந்தப் பின்பக்கச் செவுத்துக்கு அந்தாண்ட கீற நம்ம ஆட்டுக் கொட்டாய்தானாம். நாங்க குடியிருக்கிறது எங்கப்பா பிற்பாடு அதோட ஒட்டிக் கட்டினது, தாராளமா இடிக்கலாமாம். திங்கட்கிழமை வண்டி அனுப்பவும். செவுத்தை விட்டுட்டு முன்பக்கம் மட்டும். செங்கமலம் ஆடுங்களை வெளிய ஓட்டிட்டுக் கொட்டாயைப் பெருக்கினு கீறா. அந்தப் பக்கம் வாளி திரும்பினா உங்க தங்கச்சி குறுக்க படுத்துக்குவாளாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னா.