பாபின் இழுக்காமல் ஓடிய படலம்

வாழ்க தையற்காரி! அந்தி மங்கலிலும் ஊசித்துளையில் நூல் கோக்கும் கூர்விழியாள், அளவுநாடாவை வெற்றிமாலையாய்க் கழுத்தில் சூடியவள், ‘நாளைக்குத் தருகிறேன்’ என்று அஞ்சாமல் உரைத்து நாளை மறுநாளும் அதையே அஞ்சாமல் உரைப்பவள், மாடியில் இரண்டு அறைகளைக் குடக்கூலிக்கு ஆளும் பேரரசி ஆகிய அவள், இழுக்காமல் ஓடுதல் என்னும் அருங்கலையை ஒரு நாய்க்குட்டிக்குப் புகட்டிய வரலாற்றைப் பாடப் புகுகிறோம். பாடி முடிக்க நமக்கு மூச்சு போதுமா என்பது ஐயமே. ஓடிய அவளுக்கே போதவில்லை.

குட்டியின் பெயர் பாபின். வந்த அன்றே தையல் எந்திரத்தில் நூல் சுற்றும் பாபினைக் கவ்விக்கொண்டு, கட்டில் கால், நாற்காலிக் கால், தையற்காரியின் கால் என எல்லாக் கால்களையும் ஒரே நூலால் பிணைத்து, அப்பெயரைத் தன் வீரத்தாலேயே ஈட்டிக்கொண்டது. ஒரு காது விண்ணை நோக்க, மறுகாது மண்ணை நோக்க, வாலோ எத்திசையென்று முடிவு செய்யாமல் எல்லாத் திசையும் சுழல, அது தெருவில் இறங்கினால் தேரில் பூட்டிய குதிரை தோற்கும். அந்தத் தேர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. நாளெல்லாம் குனிந்து தைத்துப் பிடித்துக்கொண்ட முதுகை நிமிர்த்த விடியற்காலையில் ஓடும் வழக்கமுடைய அவளே அது.

பேரழிவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. எதிர்ச்சுவரில் ஒரு பூனை, உலகில் தனக்குப் பகையே இல்லை என்ற இறுமாப்போடு தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. பாபின் கண்டது, பாய்ந்தது. வில்லிலிருந்து விடுபட்ட கணைபோல் தையற்காரியும் பின்னே பறந்தாள். பறப்பவர்கள் எதையேனும் பற்றிக்கொள்வது இயல்பு. அவள் பற்றியது கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் துணிக்கொடி. வெண்கொற்றக் குடைகளெனக் காற்றில் விரிந்திருந்த படுக்கை விரிப்புகள் சாக்கடையோரம் சரிந்தன. அவற்றில் ஒன்றைப் போர்த்தியபடி பாபின் தெருவில் ஓடியதைக் கண்ட பால்காரர், அன்று பால் ஊற்றாமலே திரும்பிவிட்டார்.

வீட்டுக்காரம்மா வாசற்படியில் தோன்றினார். இடியே சேலை கட்டி வந்ததுபோல் முழங்கினார்.

“இந்தாம்மா, நல்லாக் கேட்டுக்க! ஞாயித்துக்கெழம காலைல என் கண்ணு முன்னாடி இது தெருமுனை வரைக்கும் ஓடிட்டு வரணும். கயிறு ஒரு தடவ வெறச்சாலும் சரி, நாய் வேற வீடு பாத்துக்கட்டும். நீ இருக்கலாம். உன்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல.”

அன்று தையற்காரி ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்தாள். முன்பெல்லாம் அவள் அறையில் எந்திரம் நின்றால் அதன்பின் ஒரு சத்தமும் இருக்காது. இப்போது எந்திரம் நின்றால் மேசைக்கடியிலிருந்து ஒரு கொட்டாவி கேட்கிறது. அந்தக் கொட்டாவியை எந்த வீட்டுக்கு அனுப்புவது?

எனவே போருக்குப் படைக்கலம் சமைத்தாள். இடுப்பை இறுக்காத பாவாடையே நல்ல பாவாடை என்பது அவள் தொழிலின் தலையாய அறம். அவ்வறத்தை நாயின் கழுத்துக்கும் நீட்டி, நான்கு விரல் அகல எலாஸ்டிக்கை மடித்து, இரட்டைத் தையல் போட்டு, உலகம் கண்டிராத கயிறு ஒன்றைப் படைத்தாள். மறுநாள் விடியலில் பாபின் இழுத்தது. எலாஸ்டிக் பணிவுடன் நீண்டது. பாபின் மேலும் இழுத்தது. எலாஸ்டிக் மேலும் பணிந்தது. தெருவின் பாதியில் நாயும் மறுபாதியில் அவளும் நிற்க, பாபின் திரும்பிப் பார்த்து அன்பு மேலிட்டு அவளை நோக்கி ஓடிவர, சேர்த்துவைத்த விசையனைத்தும் கூடி அவள் மடியில் விழுந்தது.

லாரி ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி, மதில்மேல் அமர்ந்து பல் துலக்கியபடி இப்போரைக் கண்டான்.

“ஏன்க்கா, இது நாய்க்கயிறா, பாவாட நாடாவா? அது இழுக்க இழுக்க நீ எடங்குடுத்துட்டே போற. இழுத்தாத்தான் ஒலகமே நகரும்னு நெனச்சிருக்கு அது.”

“லாரி ஓட்டுறவனுக்கு நாயப் பத்தி என்னடா தெரியும்?”

“நாயப் பத்தித் தெரியாது. கட்டி இழுக்குறதப் பத்தித் தெரியும்.”

உண்மை ஊசியினும் கூர்மையானது. எலாஸ்டிக் அன்றே ஒரு பாவாடைக்குள் சிறை புகுந்தது. நீளாத பருத்திப் பட்டையில் புதுக்கயிறு பிறந்தது. அதனுடன் ஒரு சட்டமும் பிறந்தது: கயிறு விறைத்தால் நிற்பாள், தளர்ந்தால் ஓடுவாள், தளர்ந்த கயிற்றோடு தன் இடக்காலருகே வந்தால் ரொட்டித்துண்டு ஈவாள். ஏசமாட்டாள், இழுக்கவும் மாட்டாள். மரமாய் நிற்பாள்.

ஆ, அந்த நிற்றலை என்னென்பது! முதல் நாள் அடுத்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சிரித்துப் போனார்கள். சட்டை கேட்டு வந்தவர்கள் தெருவிலேயே கேட்டுத் தெருவிலேயே ‘நாளைக்கு’ என்ற விடையைப் பெற்றார்கள். பாபின் இழுத்தது, உலகம் நகரவில்லை. சாய்ந்தது, நகரவில்லை. குரைத்தது, உட்கார்ந்தது, யோசித்தது. பின்னர், ஏதோ ஒரு கணத்தில், வலிய மன்னன் சமாதானத்துக்கு வருவதுபோல் ஓரடி பின்வந்து அவள் முழங்காலை நிமிர்ந்து பார்த்தது. கயிறு தொய்ந்தது. உலகம் நகர்ந்தது! அதன்பின் நடந்தார்கள், வெள்ளியன்று மெல்ல ஓடினார்கள், சனியன்று பூனையே வந்தும் கயிறு ஊஞ்சலாய்த் தொங்கியது.

ஞாயிறு புலர்ந்தது. வீட்டுக்காரம்மா நாற்காலி போட்டு அமர்ந்தார். தையற்காரி ஓடினாள். வழியில் ஒரு பந்து உருண்டது. பேப்பர்காரரின் சைக்கிள் மணி ஒலித்தது. பாபின் ஒவ்வொன்றையும் பார்த்தது, பெருமூச்சுவிட்டது, அவள் காலோடு கால் வைத்து ஓடியது. தெருமுனை தொட்டார்கள், மீண்டார்கள். கயிறு ஒருமுறையும் விறைக்கவில்லை.

ஆனால் வீட்டுக்காரம்மா நம்பவில்லை.

“நீ கைல என்னமோ ஜாடை காட்டுற. குடு இங்க, நானே புடிச்சுப் பாக்குறேன்.”

கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, “வாடா!” என்று ஒரு சுண்டு சுண்டி இழுத்தார். பாபின் நின்றது. மேலும் இழுத்தார். நான்கு கால்களையும் தரையில் அறைந்ததுபோல் ஊன்றி, தையற்காரி முதல் நாள் தெருவில் நின்ற அதே பொறுமையோடு, ஏசாமல், இழுக்காமல், மரமாய் நின்றது.

“பாத்தியா! வெறச்சுப் போச்சு!”

தையற்காரி விறைத்த கயிற்றைச் சுட்டிக் காட்டினாள். சொன்னாள்:

“அது இழுக்கலைங்கம்மா. நீங்கதான் இழுக்குறீங்க. கொஞ்சம் விட்டுப் பாருங்க, வரும்.”

மதில்மேலிருந்து தம்பி தீர்ப்புரைத்தான். “நாய் பாஸும்மா. நீங்கதான் ஃபெயிலு.”

வீடு, கதவு, துணிக்கொடி என எதன்மீது வைத்த பிடியையும் வாழ்நாளில் தளர்த்தியறியாத அந்தக் கை, ஒரு சுற்றை அவிழ்த்தது, பிறகு மற்றொன்றை. கயிறு தொய்ந்தது. பாபின் ஓரடி முன்வந்து, அவர் முழங்காலை நிமிர்ந்து பார்த்து, ஒற்றைக் காதை ஆட்டியது. அவர் ஓரடி வைத்தார், அதுவும் வைத்தது. அவர் நின்றார், அதுவும் நின்றது. “அட!” என்றார். மீண்டும் ஓரடி வைத்தார். “அடடா!” என்றபடி தெருமுனை வரை சென்று, அங்கும் நிற்காமல் மூலை திரும்பி, விழிகளுக்கு மறைந்தே போனார்.

மறுநாள் காலையிலும் வீட்டுக்காரம்மாவே நாயைக் கூட்டிக்கொண்டு போனதால், தையற்காரி ஏழரை வரை தூங்கினாள்.