சாந்தியை விற்கப் போன உபைதுல்லா

ஒன்று வீட்டில் குதிரை இருக்க வேண்டும், இல்லை தான் இருக்க வேண்டும் என்று உபைதுல்லா முடிவு செய்தார். உத்திரமேரூர் கடைத்தெருவில் லுங்கிக் கடை வைத்திருந்தவர். முடிவை மனைவி சைனம்புவிடம் மட்டும் சொல்லவில்லை. இரண்டில் எதை அனுப்புவாள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

குதிரையின் பெயர் சாந்தி. பக்கத்து ஊரான பெருநகரில் ஜட்கா ஓட்டிய மாமனார் மௌத்தானதும் குதிரையும் வண்டியும் மகளிடம் வந்து சேர்ந்தன. சாந்தி வந்த நாளிலிருந்து உபைதுல்லாவுக்குச் சாந்தி இல்லை. அது தும்மினால் இவருக்கு வேர்த்தது. வாயைத் திறந்தால் கடையின் முன்பலகை வரிசை மாதிரி பற்கள். கொல்லைப்பக்கம் போவதற்கு, லாயத்தைத் தாண்டாமல், தெருவைச் சுற்றி அடுத்த வீட்டுச் சந்து வழியாகப் போனார். ஆனால் பயம் என்று வாயால் சொல்ல முடியுமா?

அந்த நேரத்தில்தான், ஊர்வலக் குதிரை வைத்திருக்கும் திருப்புலிவனம் தாமோதரன் கடைக்கு வந்தார்.

"பாய், வூட்ல குதிரை கீதாமே. குடுத்தா நான் வாங்கிக்கறேன். ஆனா நீயே புடிச்சிக்கினு ஏரிக்கரைக்கு வரணும். சொந்தக்காரன் கைக்கே அடங்காத குதிரை எனுக்கு இன்னாத்துக்கு?"

அன்று சாயந்திரம் உபைதுல்லா தொண்டையைச் செருமினார்.

"சாந்திகூடக் கொஞ்சம் பழகலாம்னு கீறேன்."

சைனம்பு முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பழகுங்க. கண்ணைப் பாத்து முறைக்காதீங்க, புலின்னு நெனைச்சிக்கும். பக்கவாட்டுல திரும்பி சும்மா நில்லுங்க. அதுவா வரும்."

"வந்து?"

"மோந்து பாக்கும்."

"பாத்துட்டு?"

"புடிச்சிருந்தா நிக்கும்."

"புடிக்கலன்னா?"

"உங்களுக்கே தெரியும்."

மறுநாள் காலை உபைதுல்லா லாயத்தில் பக்கவாட்டில் நின்றார். சும்மா நிற்பது சுலபமாக இருந்தது, ஏனென்றால் கால் நகரவே இல்லை. பின்கழுத்தில் சூடான மூச்சு பட்டது. கலிமா சொல்லத் தொடங்கினார். மூச்சு தோளுக்கு இறங்கி, சட்டைப் பையைத் துழாவி, விலகிப் போனது. சட்டை நனைந்திருந்தது. குதிரையின் எச்சில் பாதி, அவருடைய வேர்வை பாதி.

தினமும் நின்றார். தினமும் நடுங்கினார். ஆனால் நடுங்கிக்கொண்டே ஒருநாள் அதன் நெற்றியைத் தொட்டார். இன்னொரு நாள், கயிற்றை இழுக்காமல் இவர் நடக்க, அது பின்னாலேயே வந்தது. சைனம்பு ஜன்னலில் நின்று பார்த்தாள்.

அவள் உறவுக்காரர் வீட்டுக்குப் போன ஒரு மத்தியானம், தாமோதரனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சாந்தியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பினார். பாதி வழியில் ஒரு மணல் லாரி காதருகே ஹாரன் அடித்தது. மிதித்தே கொல்லப் போகிறது என்று உபைதுல்லா கண்ணை மூடிக்கொண்டார். மிதி விழவில்லை. திறந்து பார்த்தால், சாந்தி அவர் அக்குளில் தலையைப் புதைத்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கியது.

"அட பாவி, நீயும் நம்ம ஜாதிதானா," என்று அதன் கழுத்தைத் தடவினார்.

ஏரிக்கரையில் தாமோதரன் காத்திருந்தார். உபைதுல்லா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"விக்கிறதா இல்லப்பா. மன்னிச்சிக்க."

"எனுக்கு எதுக்கு பாய் இன்னொரு குதிரை? கீறதுக்கே தீனி போட முடியல. உங்க வூட்டம்மாதான் அப்படிக் கேக்கச் சொல்லிச்சி."

வீட்டு வாசலில் சைனம்பு நின்றிருந்தாள். உறவுக்காரர் வீட்டுக்குப் போனவள் மாதிரியே இல்லை.

"பயம் போச்சில்ல? நாளைக்கு ஜட்காவைப் பூட்டுங்க. எங்கம்மா பெருநகர்ல ரெடியா கீறாங்க. அவங்களுக்கு பஸ் ஒத்துக்காது. மருமவன் ஜட்கா ஓட்டிக்கினு வந்தாத்தான் வருவேன்னு சொல்லிட்டாங்க."

"எத்தினி நாளைக்கு?"

"திரும்பிப் போறதுக்கு ஜட்காவே தேவைப்படாதுன்னு சொல்லிட்டாங்க."